சின்னவனுக்கு ரெண்டு மாத்திரை

படிக்காதவர்களைப் பற்றி உலகம் தேவையில்லாமல் கவலைப்படுகிறது. உண்மையில் பயப்பட வேண்டியது, கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு முடிவுக்காக வீட்டில் காத்திருப்பவர்களைப் பார்த்துத்தான். படித்தது அத்தனையும் தலைக்குள் சுடச்சுட இருக்கும். கொட்டுவதற்கு இடம் இருக்காது. வீட்டில் இருப்பவர்கள் அகப்பட்டுக்கொள்வார்கள்.

பி.பார்ம். முடித்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்த அந்தக் கோடையில் நான் அப்படித்தான் இருந்தேன். அம்மா தலைவலி மாத்திரை கேட்டால், அது வயிற்றில் எப்படிக் கரைகிறது, ரத்தத்தில் எப்படிக் கலக்கிறது, கல்லீரல் அதை எப்படி உடைக்கிறது, எத்தனை மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது என்று சொல்லி முடித்த பிறகுதான் கையில் கொடுப்பேன். (அதற்குள் தலைவலி போயிருக்கும், அல்லது இரண்டு மடங்காகியிருக்கும்.)

மருந்துகளைச் சட்டம் எப்படிப் பிரித்து வைத்திருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த பாடம். டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டியவை எச் அட்டவணை. இன்னும் கொஞ்சம் கண்காணிப்பு வேண்டியவை எச்-ஒன்று. யாருக்குக் கொடுத்தோம் என்று கடைக்காரர் தனியாக எழுதி வைக்க வேண்டும். எக்ஸ் என்றால் டாக்டர் சீட்டே இரண்டு பிரதி வேண்டும். இது போக, போதைக்கும் மனமயக்கத்துக்கும் பழகிப்போகக்கூடிய மருந்துகளுக்கென்று தனிச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதற்குள்ளும் வருகிற எச் மருந்துகளின் அட்டை மூலையில் சிவப்பு எழுத்தில் என்.ஆர்.எக்ஸ். என்று போட்டிருக்கும். நான் சொந்தக்காரர்களைக்கூட மனதுக்குள் இப்படித்தான் பிரித்து வைத்திருந்தேன். (சித்தப்பா எச். பெரியம்மா எக்ஸ்.)

இந்த நிலையில்தான் என்னைப் பெண் பார்க்க ராஜபாளையத்திலிருந்து வந்தார்கள்.

மாப்பிள்ளை பெயர் காளிராஜ். நூல் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசர். தரகர் எங்கள் அப்பாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "ரெண்டே பசங்க அண்ணாச்சி. பெரியவன் கல்யாணமாகி கோயம்புத்தூர்ல இருக்கான். சின்னவனுக்குத்தான் பாக்காங்க. தங்கமான பையன்." அப்பா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். எந்தப் பொருளையும் கழற்றிப் பார்க்காமல் நம்ப மாட்டார். ஆனால் தரகர் சொன்னதை நம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா மூன்று பேரும் வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். எங்கள் அம்மா அடுப்படியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் அப்பா மாப்பிள்ளையின் அப்பாவைப் பிடித்து உட்கார வைத்து, கிணற்று மோட்டார் ஏன் கருகுகிறது என்று விளக்க ஆரம்பித்துவிட்டார். நான் காபித் தட்டோடு போய் முதலில் மாப்பிள்ளையின் அம்மா முன்னால் நின்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மருந்து படிச்ச பிள்ளையாமே? நல்லதாப் போச்சு தாயி. எங்க சின்னவனுக்கு வேளாவேளைக்கு மாத்திர குடுக்க ஆளில்லாம நாந்தான் கெடந்து அல்லாடுறேன். ஒரு வேள தப்பினா போதும், கையுங்காலும் இழுத்துருது."

காபி தட்டில் சிந்தியது.

அவர் அதைக் கவனிக்காமல் மகன் பக்கம் திரும்பினார். "ஏலே, வர்ற வழியில எறங்கிப் போனியே, மாத்திர வாங்குனியா?"

"வாங்கிட்டேம்மா" என்று காளிராஜ் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையைப் பாதி இழுத்துக் காட்டினார். மூலையில் சிவப்பு எழுத்து. என்.ஆர்.எக்ஸ். அதற்குக் கீழே பினோபார்பிட்டோன் என்ற வலிப்பு மருந்தின் பெயர். பக்கத்தில் அறுபது மில்லிகிராம்.

வேறு பெண்களாக இருந்திருந்தால் இந்த இடத்தில் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்திருப்பார்கள். நானும் பார்த்தேன், ஆனால் அறிகுறிகளுக்காக. கண்கள் சிவந்திருந்தன. இமைகள் பாதி மூடியிருந்தன. காபியை எடுக்கும்போது ஒரு கொட்டாவி. பார்பிச்சுரேட் வகையின் பக்க விளைவுகளைப் புத்தகத்தில் வரிசையாகப் படித்தவளுக்கு, அந்த வரிசை நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. (ராத்திரி ஷிப்ட் முடித்து, தூங்காமல், குளித்துவிட்டு நேராகக் காரில் ஏறியவர் வேறு எப்படி இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.)

"பிள்ளைக ரெண்டும் செத்த நேரம் தனியாப் பேசட்டுமே" என்றார் அவருடைய அப்பா. மோட்டாரிலிருந்து தப்பிக்க அவருக்கு அது ஒரு வழி. நாங்கள் இருவரும் மொட்டை மாடிக்குப் போனோம்.

அங்கே தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்றுகொண்டு, என் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு நோயாளியிடம் விவரம் கேட்டேன்.

"அந்த மாத்திரை, எம்புட்டு நாளா?"

அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. கூச்ச சுபாவம். பேச ஒரு விஷயம் கிடைத்ததே என்ற நிம்மதி. "ரெண்டு வருசமா."

"கடைசியா எப்ப வந்துச்சு?"

"சித்திரைல. ராத்திரி படுத்திருக்கையில. வாயெல்லாம் நுரை."

"முன்னாடியே தெரியுமா, வரப்போகுதுன்னு?"

"தெரியும். ஒரு மாதிரி வெறிச்சுப் பார்வை. பொறவு சுத்திச்சுத்தி நடை."

"யாருக்காவது அடி, காயம்?"

அவர் தயங்கினார். "அம்மாவுக்குத்தான் கையில கடி. தெளியிற நேரத்துல. தையல் போடுற மாதிரி ஆயிப்போச்சு."

கேட்கவே பயமாக இருந்தது. ஆனால் மருந்தாளுநர் முகம் மாறக் கூடாது. "எப்படிக் குடுக்கணும்னு சொல்லியிருக்காங்க?"

"காலைல ரெண்டு, ராத்திரி ரெண்டு. தயிர்ச்சோத்துல வச்சு. எப்பவும் சின்ன மாத்திரையா இருக்கும், நம்மூர்க் கடைல இப்ப இல்ல. இங்க வாங்குனது கொஞ்சம் பெருசா இருக்கு. கடைக்காரர் ஏதோ சொன்னாரு, அம்மா கார்ல இருந்தே போன்ல நேரமாச்சுன்னு கத்திக்கிட்டு இருந்தாங்களா, சரியாக் கேக்கல."

இவ்வளவு பேச்சிலும் அவர் 'நான்' என்றும் சொல்லவில்லை, 'அவன்' என்றும் சொல்லவில்லை. தமிழில் அது இல்லாமலே ஒரு குடும்பம் நடத்திவிடலாம். இன்னும் ஒரு கொட்டாவி விட்டார். எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. இரக்கத்துக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. வலிப்பு ஒரு வியாதி. மருந்து சாப்பிட்டுக்கொண்டு யாரும் நன்றாக வாழலாம். அதைத் தரகரிடம் மறைத்து, அப்பாவிடம் மறைத்து, பெண்ணின் காதில் மட்டும் சொல்லி அவளை மாத்திரை கொடுக்கும் ஆளாகக் கூட்டிக்கொண்டு போவது என்ன நியாயம்?

கீழே இறங்கி நேராகக் கூடத்தின் நடுவில் போய் நின்றேன். எல்லோர் கையிலும் பஜ்ஜி இருந்தது.

"அப்பா, ஒரு விசயம். இவிய மேல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது. வலிப்பு யாருக்கு வேணாலும் வரும். மறைச்சதுதான் தப்பு."

அப்பா பஜ்ஜியைக் கீழே வைத்தார். "யாருக்குடி வலிப்பு?"

இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். நானோ வகைப்பாட்டிலிருந்து ஆரம்பித்தேன். மத்திய நரம்பு மண்டலத்தை மந்தமாக்கும் மருந்துகள், அவற்றில் பார்பிச்சுரேட் ஒரு வகை, அதில் நீண்ட நேரம் வேலை செய்வது இது, எச் அட்டவணையில் இருக்கிறது, மனமயக்க மருந்துச் சட்டத்திலும் இருக்கிறது, பழகினால் உடம்பு விடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது என்று வரிசையாகப் போனேன். கூடம் அமைதியாக இருந்தது. அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன்.

"இது கல்லீரலத் தூண்டிவிட்டு மத்த மருந்துகள வேகமா உடைச்சிரும்ப்பா. கூடச் சாப்பிடுற எதுவும் முழுசா வேல செய்யாது. கருத்தடை மாத்திரையக்கூட நம்ப முடியாது."

அடுப்படியில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் அப்பா மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். அதற்கப்புறம் அவர் வெகுநேரம் தலையை இறக்கவில்லை. (ஆண்களுக்குக் கருத்தடை மாத்திரை கிடையாது என்பதைக்கூட நான் அந்த நேரத்தில் யோசிக்கவில்லை.)

நான் மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்துத் திரும்பினேன். "உங்க மகன் உங்க கையையே கடிச்சு வச்சிருக்காரு. தையல் போட்டிருக்கீக. அதக்கூட ஒரு வார்த்த சொல்லலியே!"

அவர் மெதுவாக எழுந்தார். புடவைத் தலைப்பை விலக்கி முழங்கைக்குக் கீழே இருந்த தழும்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மகனைப் பார்த்தார்.

"யாரு, எம்மவனா? என்னையவா? ஏட்டி, இது நாயில்லா கடிச்சது!"

காளிராஜ்தான் முதலில் வாயைத் திறந்தார். யாரைப் பற்றி என்று சொல்லி அன்று அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

"எங்க வீட்டு நாய் பேரு சின்னவன்ங்க."

பிள்ளைகள் இருவரும் வெளியூரில் படிக்கப் போனபோது அவர் அம்மா ஒரு நாய்க்குட்டியை எடுத்து வளர்த்திருக்கிறார். வெள்ளை வெளேரென்ற ராஜபாளையத்து நாய். அது வந்த நாளிலிருந்து அதுதான் அந்த வீட்டுச் சின்னவன். காளிராஜை நடுவிலவன் ஆக்கிவிட்டார்கள். தரகருக்கு இந்தப் பதவி மாற்றம் தெரியாது.

நான் சொன்ன மருந்து சரி. அது இருக்கும் அட்டவணை சரி. பக்க விளைவுகள் எல்லாம் சரி. நோயாளிதான் தவறு. மருந்தைக் கையில் எடுக்குமுன் யாருக்கு என்று கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று முதலாண்டிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அது சின்னப் பாடம் என்று நான் சீக்கிரம் முடித்துவிட்டேன் போலிருக்கிறது.

"பிள்ள நல்லாப் படிச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டே மாப்பிள்ளையின் அப்பா செருப்பைத் தேடினார். அவருடைய மனைவி காரில் ஏறிக் கதவைச் சாத்திய சத்தம் தெருமுனை வரை கேட்டது.

அதன் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மா அழுதாள். அப்பா என் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடப் போவதாகச் சொன்னார். பிறகு அம்மா அழுதுகொண்டே, மீந்த பஜ்ஜியை வீணாக்க வேண்டாம் என்று எல்லோருக்கும் எடுத்து வைத்தாள்.

சாயங்காலம் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அவர் மாடியில் சொன்ன ஒரு வார்த்தை எனக்குத் திரும்ப வந்தது. 'இங்க வாங்குனது கொஞ்சம் பெருசா இருக்கு.' அட்டையில் அறுபது என்று என் கண்ணால் பார்த்தேன். அவர்கள் வழக்கமாக வாங்கிய சின்ன மாத்திரை முப்பதாக இருந்தால்? முப்பதில் இரண்டு கொடுத்த கை, பழக்கத்தில் அறுபதிலும் இரண்டுதானே கொடுக்கும்? ஆளுக்கே அதிகமான அளவு. எடையில் பாதிகூட இல்லாத நாய்க்கு?

அப்பாவின் செல்போனை எடுத்து அந்த வீட்டு எண்ணுக்குப் போட்டேன். அந்த அம்மாதான் எடுத்தார்.

"நான்தான் பேசுறேன்... காலைல பாத்த..."

"இப்ப யாருக்கு என்ன வியாதி கண்டுபிடிச்சிருக்க?"

"சின்னவனுக்கு மாத்திர..."

வைத்துவிட்டார். அடுத்த முறை மணி அடித்துக்கொண்டே இருந்தது. தரகரின் போன் காலையிலிருந்தே அணைந்து கிடந்தது. காளிராஜின் எண் எங்களிடம் இல்லை.

அப்பாவிடம் போனேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "போதும் தாயே. அந்த வீட்டுப் பக்கம் நாம தலவச்சுப் படுக்க முடியாது."

"இது அதிகமானா தூக்கம் மட்டுமில்லப்பா, மூச்சு அடங்கிரும். வாயில்லா ஜீவன்ப்பா."

அவர் மறுபடியும் கும்பிட்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. "அப்பா, ஒரு மோட்டாருக்கு ரெண்டு மடங்கு வோல்டேஜ் குடுத்தா என்னாகும்?"

"காயில் கருகிரும்" என்றார், யோசிக்காமல். பிறகு யோசித்தார். எழுந்து ஸ்கூட்டர் சாவியையும் ஹெல்மெட்டையும் எடுத்தார். அப்பா எங்கள் ஊருக்குள் ஹெல்மெட் போட்டு நான் பார்த்ததில்லை. அன்று கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டார். ராஜபாளையத்துக்கு வண்டியை விட்டார்.

தரகர் எழுதிக் கொடுத்திருந்த தெருவில், நாய் இருக்கும் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. கேட் திறந்திருந்தது. வாசல்படியில் காளிராஜ் குந்தியிருந்தார். கையில் தயிர்ச்சோற்று உருண்டை. எதிரே அவர் உயரத்துக்கு ஒரு வெள்ளை நாய் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"குடுக்காதீங்க!" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திக்கொண்டு ஓடினேன். உருண்டையைப் பிடுங்கினேன்.

சின்னவன் என்னை ஒன்றும் செய்யவில்லை. ஏமாற்றத்தோடு ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான். ஆனால் எனக்குப் பின்னால் ஹெல்மெட்டோடு நுழைந்த அப்பாவைப் பார்த்ததும் அவனுக்குத் தன் கடமை ஞாபகம் வந்துவிட்டது. அப்பா சுற்றுச்சுவரில் ஏறிய வேகத்தை அம்மாவிடம் சொன்னால் அவள் இன்றும் நம்புவதில்லை. மேலே ஏறிய பிறகும் ஹெல்மெட்டை மட்டும் கழற்றவில்லை.

சத்தம் கேட்டு அந்த அம்மா வெளியே வந்தார். என்னைப் பார்த்து இடுப்பில் கைவைத்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டே, "பழைய அட்டை... பழைய அட்டை இருக்கா?" என்றேன். காளிராஜ் உள்ளே போய் ஜன்னலில் கிடந்த காலி அட்டையை எடுத்துவந்தார். முப்பது. புதியதை அதன் பக்கத்தில் வைத்தார். அறுபது. அவர் கொட்டாவி விடுவதை நிறுத்தினார்.

மாட்டு டாக்டருக்கு உடனே போன் போட்டார். அவர் ஸ்பீக்கரில் நிதானமாகச் சொன்னார்: "அறுவதுன்னா ஒண்ணுதான் தம்பி. இன்னைக்கு ஒரு வேள கூடிப் போயிருந்தா தள்ளாடித் தூங்கியிருப்பான். ஒரு வாரம் இப்படியே குடுத்திருந்தா சொல்ல முடியாது. யாரு கவனிச்சா?"

"ஒரு... தெரிஞ்சவங்க" என்றார் காளிராஜ்.

உருண்டையைப் பிரித்து ஒரு மாத்திரையை எடுத்துவிட்டு அவர் அம்மாவே சின்னவனுக்குக் கொடுத்தார். அவன் தின்று முடிக்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "காப்பி போடுறேன், இரு" என்றார். சுவரைப் பார்த்து, "அண்ணாச்சி, நீங்களும் எறங்குங்க. கட்டிப் போட்டாச்சு" என்றார்.

அப்பா இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிட்டுக் காபியைக் குடித்தார்.

நாங்கள் கிளம்பும்போது காளிராஜ் கேட் வரை வந்தார். "ஒண்ணு கேக்கலாமா?" என்றார். "காலைல எனக்குத்தான் வலிப்புன்னு நெனச்சீகள்ல. வேண்டாம்னு சொல்லத்தான் கீழ போனீகளா?"

"வேண்டாம்னு நான் சொல்லவே இல்லையே. மறைச்சாங்கன்னுதான் கோவம்."

"அப்ப வலிப்பு இருந்திருந்தாலும்...?"

"அளவு சரியா இருந்தா ஒண்ணும் செய்யாது" என்றேன். அதைத் தவிர வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். அவர் சிரித்தார். சிரித்தால் கண் முழுதாகத் திறக்கிறது என்று கவனித்தேன். அப்பா ஹாரன் அடித்தார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. சின்னவன் அதன் பிறகும் வெகுகாலம் இருந்தான். அவனுக்கு வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்தது நான்தான். மாமியார் சொன்ன வேலை அதுதானே.

ஆனால் ஒரு விஷயத்தை எங்களால் கடைசிவரை சரிசெய்ய முடியவில்லை. பெண் பார்க்க வந்த அன்று கார் ஓட்டி வந்தவர் இவர்கள் தெருக்காரர். நான் கூடத்தில் உரையாற்றியபோது வாசலில் நின்று கேட்டிருக்கிறார். பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்ததால், நாய் என்ற சொல் வருவதற்கு முன்பே வண்டியை நகர்த்தப் போய்விட்டார். பாதிக் கதையோடு ராஜபாளையம் திரும்பியவர் அதை ஊருக்கே சொன்னார். மீதிப் பாதியை நாங்கள் இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். யாரும் நம்புவதில்லை. "புருசன விட்டுக்குடுக்காம பேசுது பாரு" என்று என்னைத்தான் பாராட்டுகிறார்கள்.

வலிப்பு வந்தவர் கையில் இரும்பைத் திணிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் ஒரு பயனும் இல்லை என்று நான் சொல்லாத இடமில்லை. போன மாதம் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த என் வீட்டுக்காரர் மண்டபத்து நாற்காலியில் தலை சாய்ந்து தூங்கிவிட்டார். கனவில் கையை ஒரு தடவை உதறினார் போலிருக்கிறது. பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் பாய்ந்து வந்து ஒரு சாவிக்கொத்தை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார். அவர் கண்ணைத் திறக்காமலே அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவருக்குப் பழகிவிட்டது.

வீட்டுக்கு வந்து ஊஞ்சலில் உட்காரும்போது போன் வந்தது. அந்தப் பெரியவர்தான்.

"தாயி, தம்பிக்கு இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா இருக்காங்க மாமா. அவியளுக்கு ஒண்ணுமே..."

"சந்தோசம், சந்தோசம். நல்லாத் தெளிஞ்சிருச்சுன்னா அந்தச் சாவியக் குடுத்து விடு. கடையத் தொறக்கணும்."